ஒன்றையும் வெல்லாத அணியின் கடைசிச் சனிக்கிழமை

2007 ஒக்டோபர், வெள்ளிக்கிழமை, பகல் 12.30. ரொறன்ரோ பஸ் நிலையம். மொன்றியலுக்குப் போய்வரத் தொண்ணூறு டொலர், தூரம் 540 கிலோமீற்றர். என் இருக்கை சாயவில்லை. முன்னால் இருந்தவருடையது மட்டும் என் முழங்கால்வரை சாய்ந்தது. கிங்ஸ்டனில் பதினைந்து நிமிடம் நிறுத்தினார்கள். கழிப்பறை வரிசையிலேயே அது முடிந்துவிட்டது.

மாலை 7.30. பஸ்ஸால் இறங்கி, இரண்டு டொலர் எழுபத்தைந்து சதம் கொடுத்து மெற்றோ ஏறி வில்லரே என்ற பகுதிக்குப் போனேன். தங்கச்சி வீடு மூன்றாம் மாடியில். இந்த நகரத்தில் படிகளை வீட்டுக்கு வெளியே வைப்பார்கள், அதுவும் வளைத்து வைப்பார்கள். பெட்டியோடு ஏறுகிறவன் கட்டினவனைத் திட்டாமல் ஏறமாட்டான்.

நான் போனது ஊர் பார்க்க அல்ல. தங்கச்சியின் மகள் நிரோஜா கல்லூரியில் புட்போல் விளையாடுகிறாள். முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிற வட அமெரிக்க ஆட்டம். பெண்களுக்கு அதில் மோதல் இல்லை. இடுப்புப் பட்டியில் இரண்டு பக்கமும் நாடா தொங்கும். ஓடுகிறவளின் நாடாவை எதிரணிப் பிள்ளை இழுத்துவிட்டால் ஓட்டம் அவ்விடத்தில் நிற்கும். இழுபடாமல் எல்லையைத் தாண்டினால் ஆறு புள்ளி, அதன்பின் கிடைக்கும் மேலதிக முயற்சிக்கு ஒன்று. கல்லூரிகளில் பெண்களுக்கு இது இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. நிரோஜாவின் கல்லூரிக்கு இதுதான் முதல் பருவம். அவளைப் பற்றி வீட்டில் சண்டை, வந்து பார் என்று தங்கச்சி அழைத்திருந்தாள்.

சாப்பாட்டு மேசையில் விசயம் விளங்கியது.

"மாமா, இதுவரைக்கும் ஆறு மாட்ச். ஆறும் தோத்திட்டம். நாளைக்குக் கடைசி," என்றாள் நிரோஜா.

"கீழ இருந்து எண்ணினா இவையள்தான் சாம்பியன்," என்றான் அவள் தகப்பன் ரவி. "நான் சொல்லிப்போட்டன் மச்சான். ஒண்டாவது வெண்டால் வாற வருசமும் விளையாடட்டும். இல்லாட்டிச் சனிக்கிழமையில டெப்பனரில கல்லாவில நிக்கட்டும். தோக்கிறதுக்கு ஏன் மழையில நனைவான்?"

டெப்பனர் என்றால் மூலைக்கடை. அங்கே அவளுக்கு வேலை கொடுக்கச் சொல்லி அவன் ஏற்கெனவே கடைக்காரனிடம் பேசி வைத்திருந்தான்.

"நீர் ஒரு மாட்சாவது பாத்தனீரோ?" என்று கேட்டேன்.

"எங்கை நேரம்?"

அவன் டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவன். அன்றும் சாப்பிட்ட கையோடு வேலைக்குப் போனான். அவன் களைப்பில் பொய் இல்லை. ஆனால் பார்க்காத ஒன்றுக்குத் தீர்ப்புச் சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது.

சனிக்கிழமை, காலை 9.15. நிரோஜாவின் கல்லூரி ஆண்கள் அணிக்குப் பஸ் கொடுக்கிறது. பெண்களுக்குப் பயிற்சியாளர் ஜூலியின் துருப்பிடித்த வான் வண்டியும் ஒரு பிள்ளையின் தாயுடைய காரும்தான். வானின் பின்சீற்றில் பந்து மூட்டைக்கும் ஒரு பிள்ளையின் முழங்கைக்கும் நடுவில் நான். நாற்பதாம் நெடுஞ்சாலையில் மேற்கே இருபத்தைந்து கிலோமீற்றர். டொலார்ட்-டெஸ்-ஓர்மோ முருகன் கோயிலுக்குப் போகிற அதே வழிதான். அந்த வழியில் நூறு தமிழ்க் கார்கள் போகும். மைதானத்துப் பக்கம் ஒன்றும் திரும்பாது.

11.00. நான்கு பாகை குளிர், சாய்ந்து அடிக்கும் மழை. எதிரணியிடம் கூடாரம் இருந்தது, சுடுதண்ணீர் இருந்தது. எங்களிடம் ஒரு குடை. பிள்ளைகள் விறைத்த விரல்களால் பந்தைப் பிடிக்கிறார்கள், நழுவுகிறது, திரும்ப வரிசையில் நிற்கிறார்கள். பார்க்கவே எனக்கு உடம்பு நொந்தது.

இடைவேளையில் ரவி வந்தான். வேலை முடிந்து நேரே வந்திருக்கிறான். செம்மஞ்சள் வேலை அங்கி, சிவந்த கண்.

"எத்தினை?" என்றான்.

"பதினெட்டுக்குப் பதின்மூண்டு. பின்னுக்கு நிக்கினம்."

"அப்ப தோல்விதான்," என்று சொல்லிவிட்டு எல்லைக்கோட்டில் போய் நின்றான். போகவில்லை, நின்றான்.

கடைசி நிமிடம். இரண்டு அணியும் அதற்குமேல் புள்ளி எடுக்கவில்லை, ஓர் ஆறு எடுத்தால் எங்களுக்கு வெற்றி. பந்து நிரோஜாவின் கைக்கு வந்தது. ஒருத்தியை ஏமாற்றி, இன்னொருத்தியைச் சுற்றி, கோட்டோரமாக ஓடத் தொடங்கினாள். எங்கள் ஊர் மைதானங்களில் கோட்டுக்கு வெளியே யார் நின்றிருக்கிறார்கள்? பந்து போகிற பக்கம் சனமும் ஓடும். ரவியும் ஓடினான். "ஓடு பிள்ளை, விடாதை, ஓடு!" பத்து அடி வெளியே ஓடினான், பிறகு உள்ளே ஓடினான். நாடாவை இழுக்கத் துரத்திவந்த எதிரணிப் பிள்ளை அவன் முதுகில் மோதி விழுந்தாள். நிரோஜா எல்லையைத் தாண்டிப் பந்தை மேலே எறிந்தாள்.

நடுவர் தவறு என்று மஞ்சள் துணியை எறிந்தார். எங்கள் பக்கத்து ஆள் உள்ளே வந்து மறித்ததால் ஆறு புள்ளியும் இல்லை. பந்து பழைய இடத்துக்குப் போனது. அடுத்த எறி சேற்றில் விழுந்தது. முடிந்தது.

விழுந்த பிள்ளையைத் தூக்கிவிட்டு, "சொறி, சொறி" என்று சொல்லிக்கொண்டு நின்றான் ரவி. நிரோஜா வந்தாள்.

"ஏனப்பா உள்ளை வந்தனீங்கள்?"

"நீ ஓடினாய். நானும் ஓடினன்."

ஜூலி வந்து அவன் கையைப் பிடித்துப் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். ஏச்சு என்று நினைத்துத் தலையைக் குனிந்தான்.

"என்னவாம்?"

நிரோஜா வேண்டாவெறுப்பாக மொழிபெயர்த்தாள். "இந்தப் பருவத்தில எங்கடை ஆக்களில ஆக வேகமா ஓடினது நீங்கள்தானாம்."

திரும்பும்போது மூவரும் ரவியின் காரில். நான் பேசினால் சண்டை வந்திருக்கும். அவ்வளவு கோபம் எனக்கு.

"அந்த ஆறு புள்ளி நீ எடுத்ததுதானே?" என்றான் ரவி.

"ரெஃபரி குடுக்கேல்லை."

"அவன் குடுக்காட்டி என்ன? நான் கண்டனான்."

"அப்ப வாற வருசம்?" என்றாள்.

"விளையாடு. கடைக்காரனுக்கு நான் சொல்லுறன். ஆனா நான் வந்தால் என்னை எங்கையாவது கட்டிவைக்கச் சொல்லு உன்ரை கோச்சிட்டை."

அவள் சிரிக்கவில்லை. "கட்டத்தான் வேணும்," என்று சொல்லிவிட்டு ஈரச் சப்பாத்தைக் கழற்றினாள். கார் முழுக்க நாற்றம்.

ஞாயிறு, காலை 10.00. திரும்பும் பஸ்ஸில் இருக்கை சாய்ந்தது, ஆனால் நிமிரவில்லை. முதுகு வலியோடு ரொறன்ரோ வந்து சேர்ந்தேன். இங்கேயும் சனிக்கிழமைகளில் பிள்ளைகள் மழையில் விளையாடுகிறார்கள். எங்கள் சனத்துத் தகப்பன்மார் காருக்குள் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு, தொலைபேசியில் நாட்டு நிலவரம் கதைத்துக்கொண்டு, ஆட்டம் முடியும்வரை இருக்கிறார்கள். அவர்களால் எந்த அணியும் இதுவரை தோற்றதில்லை.