நோன்புச் சாப்பாட்டில் ஏறிய எடை

ப்ரோகோபிஸுக்கு முதல் சந்தேகம் மனைவி மேல்தான் வந்தது.

கிரேக்க நாட்டின் கலமாட்டா நகரிலிருந்து மலைக்கிராமங்களுக்குப் பேருந்து ஓட்டுகிறவர் அவர். இடது முழங்கால் தேய்ந்து, கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. எட்டுக் கிலோ குறைந்தால்தான் அறுவை சிகிச்சை செய்வேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முழங்கால் மூட்டை மாற்றாவிட்டால் வண்டி ஓட்ட முடியாது.

நல்லவேளையாக, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நோன்பு தொடங்கியது. இறைச்சி, பால், வெண்ணெய், முட்டை எதுவும் கூடாது. புதன், வெள்ளியில் எண்ணெயும் கூடாது. எடை தானாக இறங்கும் என்று அவர் நம்பினார். ஊரே சற்றுத் தளர்வாகப் பிடிக்கும் நோன்பை அவர் கறாராகப் பிடித்தார். சில வாரம் கழித்து மருந்துக்கடைத் தராசில் ஏறினால் ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது.

"எவாந்தியா, பீன்ஸ்ல என்னத்தப் போடுற?"

"பீன்ஸத்தான் போடுறேன்."

"வெண்ணெய் வாசம் வருது."

"உன் மூக்குக்குள்ள ஆட்டுப்பட்டியா இருக்கு? நோன்புல நான் வெண்ணெய் தொடுவேனா, மனுஷா?"

அதன் பிறகு அவர் அடுக்களை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவள் கையையே பார்த்தார். மூடியைத் திறந்து மோந்தார். குப்பைக்கூடையில் வெண்ணெய்த் தாள் கிடக்கிறதா என்று கிளறினார். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததும் அவருக்கு ஒரு சாட்சியாகவே பட்டது.

அடுத்த சந்தேகம் தராசின் மேல். அறுவடைக் காலம் என்பதால் ஸ்டாமாடிஸின் எண்ணெய் ஆலை ஓடிக்கொண்டிருந்தது. ஆலிவ் மூட்டைகளை நிறுக்கும் மேடைத் தராசில் போய் ஏறி நின்றார். அதுவும் மருந்துக்கடைக் கணக்கையே காட்டியது.

ஆலைக்கு வந்தவரை வெறும் வாயோடு அனுப்பும் வழக்கமில்லை. நெருப்பில் வாட்டிய ரொட்டியைப் புது எண்ணெயில் முக்கி ஸ்டாமாடிஸ் நீட்டினான். ப்ரோகோபிஸ் மனைவியைக் குறைசொல்லியபடியே தின்றார், இன்னொன்றையும் எடுத்தார். தன் மூட்டைகளோடு வரிசையில் நின்ற மருந்துக்கடைக்காரி கிளியோ இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, அந்த ரொட்டி எவ்வளவு எண்ணெய் குடிச்சிருக்கு?"

"நம்ம மரத்து எண்ணெய். மருந்து மாதிரி."

"மருந்த யாராவது குடத்தோட குடிப்பாங்களா? ஒரு கிராம் மாவுல நாலு கலோரின்னா, ஒரு கிராம் கொழுப்புல ஒம்பது. எந்த மரத்துலேர்ந்து வந்தாலும் ஒம்பதுதான்."

"வெண்ணெய விட நல்லதுன்னு டாக்டரே சொன்னாரே?"

"நெஞ்சுக்கு நல்லது. இடுப்புக்கு ரெண்டும் ஒண்ணு."

"புதன், வெள்ளியில எண்ணெயே தொடுறதில்ல."

"அன்னிக்கு என்ன சாப்பாடு?"

"ஆலிவ் காய், எள்ளு விழுது. கொஞ்சம் எள்ளு ஹல்வா."

"அப்போ எண்ணெயப் பிழியாமத் தின்னிருக்க," என்றான் ஸ்டாமாடிஸ்.

ப்ரோகோபிஸ் கிளியோவை முறைத்தார். "மெலியுற மாத்திரை ஏதாவது விக்கப் பாக்குறியா?"

"ஒரு கரண்டிதான் வேணும். அது உங்க வீட்டுலயே இருக்கும்."

இறைச்சியில்லாத சாப்பாடு எடையில்லாத சாப்பாடு என்றே அவர் எண்ணியிருந்தார். நோன்பு சொன்னது எதைத் தின்னலாம் என்பதை. எவ்வளவு என்பதை அது சொல்லவில்லை. வீட்டில் எவாந்தியா பரிமாறிய பிறகு எண்ணெய்க் குப்பியைத் தட்டின் மேல் கவிழ்ப்பது அவருடைய கை. சந்தேகப்படும் ஆள்தான், ஆனால் அந்தக் கையை மட்டும் அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை.

அன்று இரவு குப்பியை எவாந்தியாவிடம் கொடுத்தார். அவள் கரண்டியால் அளந்து ஊற்றினாள்.

பிப்ரவரிக் கடைசியில் டாக்டர் எடை பார்த்தார். "ஏழுதான் குறைஞ்சிருக்கு. போதும். அடுத்த மாசம் வச்சுக்கலாம்."

ஆஸ்பத்திரி மாடிப்படியில், நோகும் காலை முதலில் இறக்கி, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ப்ரோகோபிஸ் நின்றார்.

"எட்டுன்னாரு. ஒரு கிலோவ ஏன் விட்டுக்குடுக்குறாரு? அறுக்க வேற ஆள் கிடைக்கலையோ?"

"குடுத்தா வாங்கிக்கோ, மனுஷா," என்றாள் எவாந்தியா. "இறங்கு, பின்னால ஆள் நிக்குது."