எஞ்சினடியில் சொன்ன ஓம்

பிள்ளைகளே, என் பிரெஞ்சைக் கேட்டு நீங்கள் சிரிப்பீர்கள். இதையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

லோசான் துறையில் நிற்கும் வெள்ளைக் கப்பல் உங்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் சக்கரம் சுழற்றி, ஏரியைக் கடந்து பிரான்ஸ் கரைக்குப் போய்வரும் நீராவிக் கப்பல். கடல்களில் பெரிய பயணிகள் கப்பல்கள் ஓடிய காலத்தில் செய்தது. அவற்றை உடைத்து இரும்பாக்கிவிட்டார்கள். இது நூறு வயது தாண்டியும் ஓடுகிறது. எஞ்சின் நடுவில் திறந்தபடி இருக்கும். பயணிகள் கம்பியில் சாய்ந்து நின்று பார்ப்பார்கள்.

நான் அந்தக் கப்பலின் குசினியில் கோப்பை கழுவினேன். எஞ்சினுக்கு ஒரு கதவுதான் இடையில். நேரம் கிடைத்தால் எட்டிப் பார்ப்பேன். மினுங்கும் தண்டுகள் முன்னும் பின்னும் போய்வருவதைப் பார்த்தால் கை ஈரம் மறந்துவிடும். எண்ணெய் விடும் வேலைக்கு ஆள் தேவை என்றதும் தலைமை எஞ்சின்காரரிடம் கேட்டேன். பிரெஞ்சில் ஷெஃப் என்றால் தலைவர். அப்படித்தான் அவரைக் கூப்பிடுவோம்.

“ஒரு பயணம் வந்து பார். சரிவராட்டி திரும்பக் குசினிதான்,” என்றார்.

சமையல்கார அண்ணை மன்னார்க்காரர். சும்மா விடுவாரா?

“என்னடா, எண்ணெய் விடப் போறியோ, எண்ணெய் முழுகப் போறியோ?”

“போட்டு வாறன் அண்ணை.”

“வா, வா. கோப்பையெல்லாம் உனக்குத்தான் அடுக்கி வைக்கிறன்.”

எஞ்சினின் ஒவ்வொரு மூட்டுக்கும் மேலே ஓர் எண்ணெய்க் கிண்ணம் உண்டு. எண்ணெய் இல்லாமல் ஓடினால் மூட்டு சூடேறிப் பிடித்துக்கொள்ளும். புறப்படுமுன் எல்லாவற்றையும் நிரப்பினேன். நீராவி சீறிக்கொண்டிருந்தது. மேலே, எஞ்சினை ஓட்டும் நெம்புகோலுக்குப் பக்கத்தில் நின்ற ஷெஃப் குனிந்து பிரெஞ்சில் கத்தினார்.

“எண்ணெய் விட்டிட்டியோ?”

பதற்றத்தில் பிரெஞ்சு வரவில்லை. “ஓம்!” என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. “ஏன் இல்லை? விடு!”

விட்டதற்கு மேல் எங்கே விடுவது? கிண்ணத்தைக் காட்டி இன்னும் பலமாக, “ஓம், ஓம்!” என்றேன்.

புறப்படச் சொல்லி மேலிருந்து மணி அடித்தது. ஷெஃப் நெம்புகோலைத் தொடவில்லை. கம்பியில் சாய்ந்திருந்த சனமெல்லாம் என்னையே பார்த்தது. இனிக் கோப்பைதான் என்று நினைத்தேன். அவர் இறங்கி வந்து கிண்ணத்துக்குள் விரலை விட்டார்.

“நிறைஞ்சு கிடக்குது! பிறகேன் நோன், நோன் எண்டு கத்தினாய்?”

அப்போதுதான் விளங்கியது. பிரெஞ்சில் வி என்றால் ஆம், நோன் என்றால் இல்லை. சத்தத்தில் என் ஓம் அவருக்கு நோனாகக் கேட்டிருக்கிறது.

“ஷெஃப், எங்கட பாஷையில ஓம் எண்டால் வி,” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. “இங்க ஒரு சொல்லு மாறிக் கேட்டால் கப்பல் போய்த் துறையில இடிக்கும்,” என்று சொல்லிவிட்டு ஏறினார்.

பிறகு வாய் திறக்கவே பயம். அவர் கேட்டபோதெல்லாம் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். தொடக்கூடிய மூட்டுகளைப் புறங்கையால் தொட்டுச் சூடு பார்த்தேன். ஒன்றும் சுடவில்லை.

திரும்பி லோசானை நெருங்கும்போது மணி அடித்தது. கப்பலை நிறுத்த எஞ்சினைப் பின்னோக்கி ஓட்ட வேண்டும். ஷெஃப் குனிந்து என்னைப் பார்த்தார்.

“ஓம்?” என்று அவரே கேட்டார்.

“ஓம்!” என்றேன்.

நெம்புகோல் அசைந்தது. சக்கரம் நின்று, பின்னோக்கிச் சுழன்றது. கப்பல் துறையில் மெல்ல உரசி நின்றது.

“நாளைக்கும் இந்த எண்ணெய் உடுப்போடயே வா,” என்றார் ஷெஃப்.

குசினியில் அண்ணை கோப்பைக் கோபுரத்தோடு காத்திருந்தார்.

“வந்திட்டியோ? கழுவு.”

“நீங்களே கழுவுங்கோ அண்ணை. நான் எண்ணெய் முழுகிட்டன்.”