சர்வருக்குப் பொட்டு வைத்த அண்ணன்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனிக்கு ஒரு சர்வர் அறை இருக்கிறது. சுற்றியுள்ள ஃபேக்டரிகளின் போன் பேச்சையெல்லாம் சுமப்பது அங்கே இருக்கும் சர்வர் கூட்டம்தான். சர்வர்களை மேய்க்கும் குபர்னெட்டிஸ் மென்பொருளின் பாஷையில் ஒர்க்லோடு கிளஸ்டர். நான் உட்காருவது திருவள்ளூரில், மேனேஜ்மென்ட் கிளஸ்டர் பக்கத்தில். இது ஒரு போன் பேச்சைக்கூடச் சுமக்காது. மேஸ்திரி மாதிரி அந்தக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு சர்வர் கொஞ்ச நேரம் பேச்சுமூச்சு இல்லாமல் கிடந்தால், செத்துவிட்டது என்று முடிவுகட்டி, டிஸ்கைத் துடைத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து நிறுவிவிடும். இரக்கமே கிடையாது. யாராவது வேண்டுமென்றே அணைப்பதாக இருந்தால், முன்கூட்டியே இந்தக் கண்காணிப்பை நிறுத்தி வைக்க வேண்டும். ஒரு வரி கமாண்ட். அது என் வேலை.

அந்த அறையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் மீஞ்சூர்க்காரர். கான்ட்ராக்ட் ஆள், வருஷா வருஷம் புதுப்பித்தால்தான் வேலை. போன வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் காலையில் போன் செய்தார்.

"தம்பி, ஓரத்துல கீற சர்வர் ஒரே தூசுப்பா. ஆஃப் பண்ணி தொடச்சி, பொட்டு வெச்சிக்கவா?"

"தாராளமா வெச்சிக்கோண்ணா. எனக்கும் சேத்து கும்புட்டுக்கோ."

நக்கல் அடித்துவிட்டு நாஷ்டாவுக்கு இறங்கினேன். கமாண்டை வந்து அடித்துக்கொள்ளலாம் என்று நினைப்பு. தட்டில் பொங்கல் வந்ததும் அந்த நினைப்பும் போய்விட்டது.

பாதி வடையில் மறுபடி போன்.

"நைனா, இன்னாடா இது! நான் சுட்ச்ச தொடவே இல்ல, அதுவே ஆன் ஆயிக்கினு கத்துது!"

"நீ இன்னாண்ணா பண்ண?"

"இன்னா பண்ணேன், சந்தனந்தான் வெச்சேன்!"

கமாண்ட் அப்போதுதான் ஞாபகம் வந்தது. மேலே ஓடிப் பார்த்தால், மேனேஜ்மென்ட் கிளஸ்டர் அந்த சர்வரைத் தானே எழுப்பி டிஸ்கைத் துடைத்துக்கொண்டிருந்தது. மற்ற சர்வர்கள் அதன் சுமையை வாங்கிப் பார்த்தன, இடம் போதவில்லை. ஒரு ஃபேக்டரியின் போன்கள் அரை மணி நேரம் ஊமை.

மதியம் மேனேஜர் எங்கள் இருவரையும் ஒரே லைனில் பிடித்தார்.

"யார் ஆஃப் பண்ணது?"

"நான்தான் சார்," என்றார் அண்ணன். "பூஜைக்கு..."

"சர்வருக்கு சந்தனமா? உங்க கான்ட்ராக்ட் அடுத்த மாசம் முடியுதுல்ல?"

தம்பியிடம் கேட்டுவிட்டுத்தான் அணைத்தேன் என்று அண்ணன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதை அவர் சொல்லவில்லை. எனக்கு வாய் பெரிது என்று ஊருக்கே தெரியும். அந்த வாய் அப்போது மியூட்டில் கிடந்தது. கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவைத்தேன் என்பதும் உண்மை.

பிறகு மியூட்டை எடுத்தேன். "சார், அவர் எங்கிட்ட கேட்டுக்கினுதான் ஆஃப் பண்ணாரு. கண்காணிப்ப நிறுத்தி வெக்க வேண்டியது நான். மறந்துட்டு சாப்புட போய்ட்டேன்."

"ரிப்போர்ட்ல அதையே எழுது," என்றார் மேனேஜர்.

எழுதினேன். எச்சரிக்கைக் கடிதம் எனக்கு வந்தது. அண்ணனின் கான்ட்ராக்ட் நீண்டது.

இந்த வருஷமும் பூஜைக்கு முந்தின நாள் போன் செய்தார். நான் கமாண்டை அடித்து, திரையைப் போட்டோ எடுத்து அனுப்பிய பிறகுதான் துணியைக் கையில் எடுத்தாராம்.

"இப்ப போய் துன்னு," என்றார்.