பில் சாஃப்ட்வேருக்கு ஆள் சேர்த்தது

போன வருஷம் குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் மாடியில் கூட்டம். வந்தவர்கள் இவர்கள். இன்ஜினியரிங் படிக்கும் பையன்கள் நான்கு பேர், தோளில் துண்டோடு. பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் நடத்தும் டீச்சர் ஒருவர். பேங்க்கில் இருந்து ரிட்டயர் ஆன பெரியவர் ஒருவர், தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே வந்துவிட்டார். கீழப்பாவூரில் இருந்து ஒரு பெண், மடியில் கைக்குழந்தை. லேப்டாப் திரையில், துபாயில் இருந்து, கடையநல்லூர்த் தம்பி. அப்புறம் நான்.

என் கடை தென்காசியில். ஜெராக்ஸ், ரீசார்ஜ், பில் மெஷின் ரிப்பேர். எட்டாவதோடு நின்றவன். எனக்குக் கம்ப்யூட்டர் கோடு எழுதத் தெரியாது.

தம்பி ஊரில் இருந்தபோது சின்னக் கடைகளுக்குத் தமிழில் பில் போடும் சாஃப்ட்வேர் ஒன்று எழுதினார். இலவசம். யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்க்கலாம், சரிசெய்து அனுப்பலாம். அனுப்பியதைச் சேர்க்கிற உரிமை, சாவி என்போம், அவரிடம் மட்டும் இருந்தது. கடைகளில் ஏற்றிக் கொடுப்பதும், புதிதாக வருகிறவர்களை வாங்க என்று சொல்வதும் என் வேலை. சம்பளம் யாருக்கும் கிடையாது.

அந்த வருஷம் தம்பி சொல்லிவிட்டார்.

"முடியல அண்ணாச்சி. ரெண்டு எடத்துல வேல பாக்கேன். பிள்ள முகத்தப் பாக்க நேரமில்ல. சீசன் முடியறதுக்குள்ள சாவிய வாங்க ஒரு ஆளு வரட்டும். இல்லன்னா மூடிருதேன்."

மூடினால், இருக்கிறது இருக்கிறபடி ஓடும். கெட்டுப்போனால் பார்க்க ஆள் இல்லை. கெடாமல் எது இருந்தது. கெட்டால் கடைக்காரர்கள் கூப்பிடுவது என்னைத்தான்.

சீசனில் குற்றாலம் என்றால் ஆள் வரும் என்று வருஷா வருஷம் அங்கேதான் கூட்டம் போடுவோம். ஆள் வரும். தம்பி திரையில் பேசிக்கொண்டிருந்தார். ஒரு பையன் என் காதுக்கு வந்தான்.

"அண்ணாச்சி, ஐந்தருவில கூட்டம் ரொம்ப இருக்குமோ?"

"இருக்கும்."

"அப்ப இப்பவே போனாத்தான் சரி."

நான்கு பேரும் போனார்கள். எண்ணெய் காய்வதாகச் சொல்லிப் பெரியவரும் போனார். சாப்பாட்டுக்கு எல்லாரும் தலை ஈரத்தோடு வந்து உட்கார்ந்தார்கள். கீழப்பாவூர்ப் பெண் மட்டும் உட்காரவில்லை.

"எனக்கு என்ன வேல அண்ணாச்சி?"

"மொதல்ல சாப்பிடுங்கம்மா."

"சோறு எங்க வீட்டுலயும் இருக்கு. வேலயச் சொல்லுங்க."

சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனி வேலையில் இருந்தவளாம். பிள்ளை பிறந்ததும் வேலையை விட்டுவிட்டு வந்தவள். புளியறையில் லாரிக்காரர்கள் சாப்பிடும் ஓட்டல் ஒன்றில் நெடுநாளாக ஒரு புகார் இருந்தது. சின்ன ரோல் பேப்பரில் நீளமான பெயர் முழுசாக விழாது. கொத்து பரோட்டா என்று போட்டால் கொத்து பரோ என்று நின்றுவிடும். அதைச் சொன்னேன்.

அந்த வாரமே சரிசெய்து அனுப்பினாள். மறுநாள் போன் வந்தது.

"அண்ணாச்சி, நான் அனுப்புனதுல ஒரு வரிகூட இப்ப இல்ல. எல்லாத்தையும் அவரே அழிச்சு எழுதிட்டாரு. கீழ நன்றின்னு என் பேரு மட்டும் இருக்கு. மொய் எழுதவா வந்தேன்?"

"மரியாதைக்குச் செஞ்சிருப்பாரும்மா."

"பந்தில உக்கார வைக்கீங்க, வயிறு நெறையப் போடுதீங்க. அடுப்படிக்குள்ள மட்டும் விட மாட்டேங்கீங்க. அப்புறம் ஆளு நிக்கலன்னா எப்படி நிப்பாங்க?"

வைத்துவிட்டாள். நான் கடையில் உட்கார்ந்து யோசித்தேன். முந்தின வருஷங்களில் வந்தவர்களும் இப்படித்தான். ஒரு தடவை அனுப்புவார்கள். தம்பி திருத்திப் போட்டு நன்றி சொல்வார். அவர்களும் நன்றி சொல்வார்கள். அதோடு சரி. அருவி பார்க்க வந்தவர்கள் என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

தம்பியைக் கூப்பிட்டேன்.

"வந்தவங்கள வேல வாங்கலாமா அண்ணாச்சி? பத்து நிமிஷத்துல நானே முடிச்சிருதேன். அவங்களுக்கு எதுக்குச் செரமம்?"

"அப்ப சாவிய யாருக்குக் குடுப்பீங்க?"

தம்பி தான் எழுதியதை எடுத்துவிட்டு அவள் எழுதியதையே போட்டார்.

இரண்டு நாள் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் புளியறை ஓட்டல்காரர் போனில் வந்தார்.

"ஓய், என்னத்தவே ஏத்தி வச்சீரு? நாலு பரோட்டாவுக்கு வேட்டி நீளத்துல பில்லு வருது. லாரிக்காரன் தோள்ல போட்டுட்டுப் போறான்."

பெயர் முழுசாக விழுந்தது. ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் கீழே நாலு வரி வெறுமனே ஓடியது. ரோல் தீர்ந்துகொண்டே இருந்தது. தம்பிக்கும் தெரிந்துவிட்டது.

"சின்னத் தப்புதான் அண்ணாச்சி. ஒரே வரி. போட்டுரட்டா?"

"தொடாதீங்க தம்பி."

"ஓட்டல்காரரு ஏசுவாரே."

"என்னத்தான ஏசுதாரு. ஏசட்டும்."

அவளிடம் பில்லைப் படம் எடுத்து அனுப்பினேன். வேறு ஒன்றும் எழுதவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல், ரெண்டு நாள் ஆகும் என்றாள். அந்த ரெண்டு நாளும் ஓட்டல்காரர் விடவில்லை. பில்லை மடித்துக் கொடுக்கத் தனி ஆள் வைத்திருப்பதாகச் சொன்னார். அதற்குச் சம்பளம் நான்தான் தர வேண்டுமாம். புது ரோல் வாங்கிக்கொண்டு புளியறைக்கு பஸ் ஏறினேன். கல்லாப்பெட்டி பக்கத்தில் நின்று ஏச்சு வாங்கினேன். டீ கொடுத்தார், குடித்தேன்.

சொன்னபடி அவள் சரிசெய்தாள். பில் ஒரு சாண் வந்தது. ஓட்டல்காரர் போன் பண்ணவில்லை. நன்றாக இருந்தால் யாரும் போன் பண்ணுவதில்லை.

அதற்கப்புறம் கெட்டதை எல்லாம் அவளிடமே விட்டோம். சில கடைகள் ஏசிவிட்டு வேறு சாஃப்ட்வேருக்குப் போயின. போகட்டும் என்று விட்டேன். சாரல் நிற்கிற சமயத்தில் தம்பி சாவியை அவளிடம் கொடுத்தார்.

"நல்லாத் தூங்குதேன் அண்ணாச்சி" என்று ஒரு நாள் சொன்னார். எனக்கு அந்த யோகம் இல்லை. போன் என்னிடம்தான் இருக்கிறது.

இந்த வருஷம் அருவி வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள். என் கடையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கூட்டம் போட்டோம். டீ மட்டும். வந்து உட்காரும்போதே ஆளுக்கு ஒரு புகாரைக் கையில் கொடுத்தாள். ஒருத்தர் முகம் சுளித்தார். குளிக்கக் கூட்டிட்டுப் போக மாட்டீங்களா என்று ஒருத்தர் கேட்டார். நான் டீயை நீட்டினேன்.

வந்தவர்கள் ஆறு பேர். கொடுத்த புகாரைச் சரிசெய்துகொண்டு மறுவாரமும் வந்தவர்கள் இரண்டு பேர்.