மனமுவந்து

நாத்தனாருக்குக் கருப்பையை எடுத்துவிட்டார்கள். காசுக்குப் பிள்ளை சுமப்பதைச் சட்டம் விடாது. ஏற்கெனவே பிள்ளை பெற்ற யாராவது மனமுவந்து சுமந்து தர வேண்டும். சொந்தத்தில் இரண்டு பிள்ளை பெற்றவள் நான்தான். ஒரு வாரம் தூங்காமல் யோசித்தேன். கடைசியில், சரி சொல்லிவிடுவது என்ற முடிவோடு எங்கள் தீவின் அபர்டீன் பஜாரில் காய்கறி வாங்கிக்கொண்டு மரைன் ஹில் ஏறி வீடு வந்தேன்.

மேசையில் சென்னைக் கப்பலுக்கு இரண்டு டிக்கெட் கிடந்தன. ஒன்று நாத்தனார் பெயரில், இன்னொன்று என் பெயரில்.

"சென்னை ஆஸ்பத்திரிக்குப் போகணும்ல, டிக்கெட் தீர்ந்துடும்னு முதல்ல அதைப் போட்டுட்டேன். உன்கிட்ட அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன்," என்றார் கணவர், டீயை ஆற்றியபடி.

காய்கறிப் பையை டிக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். "வயிறு யாரோடதுங்க?"

"அரே, பிள்ளை பெத்துக்கறது உனக்கென்ன புதுசா?"

அதற்குள் போன் அடித்தது. நாத்தனார் அழுதுகொண்டே பேசினாள். "அண்ணி, நீங்களே ஆசைப்பட்டுக் கேட்டீங்கன்னு அண்ணன் சொன்னாரு. தெய்வம் அண்ணி நீங்க."

ஒரு வாரமாக நான் சேர்த்து வைத்திருந்த 'சரி'யை அவர் என் பெயரில் சொல்லி முடித்திருந்தார். எனக்கென்று மிச்சமிருந்தது 'முடியாது' ஒன்றுதான்.

அதைச் சொன்னேன்.