கோல் காப்பாளரின் அப்பா எழுதுவது

ஒரு விடுகதை. மைதானத்துக்குள் கால் வைக்கமாட்டார், ஆனால் ஒரு ஆட்டத்தையும் விடாமல் ஆடுவார். பந்தைத் தொடமாட்டார், ஆனால் கை சிவந்துவிடும். விசில் ஊதியதும் எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள்; அவர் அப்போதுதான் தொடங்குவார். யார்?

பத்திரிகையில் சிறுவர் பக்கம் செய்த காலத்தில் விடையைப் பக்கத்தின் அடியில் தலைகீழாக அச்சிடுவேன். இங்கே அந்த வசதி இல்லை, நேராகவே சொல்லிவிடுகிறேன்: ஆட்டக்காரரின் அப்பா. அம்மா என்று சொன்னவர்களுக்கும் முழுப் புள்ளி.

சிறுவர் பக்கத்தை நிறுத்திய பிறகு கொழும்பிலுள்ள ஓர் உதைபந்தாட்டக் கழகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. கழகத்தின் இணையப் பக்கத்தில் தமிழில் எழுத வேண்டும். கீழே வருகிற தமிழ்க் கொமென்ட்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். காரமானவற்றைச் சிங்களத்தில் மாற்றி முகாமையாளருக்குக் கொடுக்க வேண்டும். வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்குகிற ஓர் ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் தனியாக இருந்து செய்கிற வேலை. ரயில் போகும்போது சன்னல் அதிரும். மற்றபடி என்னைப் பற்றிக் கருத்துச் சொல்ல வீட்டில் ஒருவரும் இல்லை. பெற்றோருக்குப் பதில் சொல்லியே பொழுதைக் கழிக்கும் ஆசிரியர்களே, நடுவர்களே, நடன வகுப்பு மிஸ்மாரே, உங்களுக்குத் தெரிந்ததுதான்: எங்கள் தொழிலில் பிள்ளைகளால் ஒரு கரைச்சலும் இல்லை.

காற்று

சேர்ந்த முதல் வாரத்திலேயே சேவியரின் கொமென்ட்கள் அறிமுகமாகிவிட்டன. எங்கள் கோல் காப்பாளர் ஜெரோமின் அப்பா. கொட்டாஞ்சேனைக்காரர், துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கி ஓய்வு பெற்றவர். காற்றைப் பார்க்காமல் அந்த வேலையில் ஒரு பெட்டியைக்கூடத் தூக்க முடியாதாம். அதனால் ஆட்டத்தையும் காற்றிலிருந்துதான் தொடங்குவார். ‘இன்று கடற்காற்று பலமாக இருந்தது’ என்பது முதல் வரி. பிறகு கேள்விகள். நாணயச் சுழற்சியில் வென்றும் ஏன் காற்றுக்கு எதிரே நின்றார்கள்? பின்வரிசைப் பொடியன்கள் ஏன் கோல் காப்பாளரைத் தனியாக விட்டுவிட்டு முன்னால் ஓடினார்கள்? பயிற்றுவிப்பாளர் அந்த நேரம் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்? கடைசியில் ‘நன்றி’. பிழை பிடிக்க முடியாத தமிழ்.

ஒவ்வொன்றுக்கும் ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று எழுதுவேன். உடனே ‘உங்கள் நன்றிக்கு நன்றி’ என்று பதில் வரும். சில நாட்களில் எனக்கென்று யாராவது எழுதிய ஒரே வரி அதுவாகத்தான் இருக்கும். என் மொழிபெயர்ப்பை வாசித்து முடித்த முகாமையாளர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“மிஸ், இந்த மனுஷன் எங்கட ரசிகரா, வானிலை அறிக்கையா?”

மைக்கைத் திருப்பிக் கொடுக்காத தாய்

ஹெவ்லொக் டவுனிலிருந்து வருகிற ஓர் அம்மா இருந்தார். அவருடைய மகன் முன்வரிசையில் ஆடுகிறான். ஒருநாள் நாங்கள் நன்றாக வென்றுவிட்டோம். தொலைக்காட்சிக்காரர்கள் மகனைத் தேடி வந்தார்கள். அவன் குளிக்கப் போயிருந்தபடியால் தாயிடம் மைக்கை நீட்டினார்கள். பக்கத்தில் பயிற்றுவிப்பாளர் சிரித்தபடி நின்றார். “வெற்றி சந்தோஷமா அம்மா?” என்று கேட்டதுதான் தாமதம், அவர் மைக்கைக் கையிலேயே வாங்கிக்கொண்டார்.

“சந்தோஷம் இருக்கட்டும் தம்பி. இந்த ஐயா என்ர பிள்ளையை ஓடு ஓடு எண்டு கலைக்கிறார். கோல் அடிக்க விடுறது மற்றவையளை. பந்தைக் குடுத்துக் குடுத்தே பிள்ளை மெலிஞ்சு போச்சுது. நீங்களே வந்து அவன்ர கழுத்தெலும்பைப் பாருங்கோ!”

அடுத்த நாள் கழகம் கூடி ஒரு விதி போட்டது. பயிற்றுவிப்பாளரைப் பற்றி ஓர் ஆட்டக்காரர் பகிரங்கமாகக் குறை சொன்னால் அவர் இரண்டாம் அணிக்கு இறக்கப்படுவார். தாயோ தகப்பனோ சொன்னால் அந்த சீசன் முழுவதும் அவர்களுக்கு மைதானத்தின் கேட் திறக்காது. முதலாவது விதி புரிந்தது. இரண்டாவது ஏன் வேறுமாதிரி என்று முகாமையாளரிடம் கேட்டேன். அவர் உண்மையான கவலையோடு சொன்னார்.

“தாய் தகப்பனை இரண்டாம் அணிக்கு இறக்க ஏலாதே, மிஸ்.”

கொட்டாஞ்சேனையில் ஒரு பின்னேரம்

சேவியரிடம் இந்த விதியை நேரில் சொல்லிவிட்டு வரும்படி என்னைத்தான் அனுப்பினார்கள். பஸ்ஸில் போய் இறங்கி, கோயில் மணிச் சத்தம் கேட்கிற ஒரு சந்துக்குள் நடந்தேன். மேல்மாடியில் ஓர் அறை. சன்னலில் துறைமுகத்துப் பாரந்தூக்கிகளின் தலை மட்டும் தெரிந்தது. மனைவி இல்லை. ஒரே மகன் இரத்மலானையில், கழகத்தின் விடுதியில். கதிரையில் மடித்துவைத்த உடுப்புகளைக் கட்டிலுக்கு மாற்றிவிட்டு “இருங்க மிஸ்” என்றார். பிளேன்டீ ஊற்றி வைத்தார். அவருக்கு முன்னால் இருந்ததும் எனக்கு முன்னால் இருந்ததும் ஒரே சோடிக் கோப்பைகள். என்னுடையதை மட்டும் அலுமாரியிலிருந்து எடுத்துக் கழுவ வேண்டியிருந்தது.

விதியைச் சொன்னேன். இந்த சீசனில் தேசிய அணித் தேர்வாளர்கள் ஜெரோமைப் பார்க்க வருகிறார்கள், நீங்கள் அங்கே இருக்க வேண்டாமா என்றும் கேட்டேன். தலையாட்டினார். இனி எழுதமாட்டேன் என்றார். பிறகு சன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சும்மா போன் எடுத்தால் மகன் ‘சரி அப்பா, சாப்பிட்டன் அப்பா’ என்று வைத்துவிடுகிறானாம். ஆனால் ஒரு கொமென்ட் போட்டால் அவனே எடுப்பானாம். மானத்தை வாங்கிறீங்க என்று தொடங்கி, அந்த மூன்றாவது பந்து எப்படி வந்தது, தான் ஏன் பாயவில்லை என்பதெல்லாம் சொல்லி முடிக்க நெடுநேரம் ஆகுமாம்.

“நான் எழுதினாத்தான் மிஸ் அவன் என்னோட சண்டை பிடிக்கிறான். இனி என்னத்தக் கதைக்கிறது?”

மகனுக்கு மட்டும்

சேவியர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஆட்டங்கள் நடந்தன, காற்றும் வீசியிருக்கும். பக்கத்தில் அவர் பெயர் இல்லை. ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று எழுத எனக்கும் ஆளில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மோசமாகத் தோற்றோம். அடுத்த நாள் காலை பக்கத்தைத் திறந்தால், ஜெரோமின் சொந்தக் கணக்கிலிருந்து ஒரு கொமென்ட். ‘நேற்றுக் கடற்காற்று பலமாக இருந்தது. கோல் காப்பாளர் தனியாக விடப்பட்டார். பயிற்றுவிப்பாளர் அதைக் காணவில்லை. நன்றி.’ ஜெரோம் தமிழில் ஒரு வரி எழுதி நான் பார்த்ததில்லை; எதைக் கேட்டாலும் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்புகிறவன். சிறுவர் பக்கத்தில் இருந்தவளுக்கு இது பழைய சங்கதி. இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் பெயரில் அப்பா எழுதிய கவிதை கிழமைக்கு ஒன்றாவது வரும். ‘பிள்ளை எழுதியதை அனுப்புங்கள்’ என்று திருப்பி அனுப்புவேன்.

அதற்குள் பலர் அந்தக் கொமென்டைப் பகிர்ந்துவிட்டார்கள். பயிற்றுவிப்பாளருக்கு யாரோ சிங்களத்தில் சொல்லியும் விட்டார்கள். சேவியருக்குப் போன் எடுத்தேன். மகன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அந்தக் கணக்கைத் திறந்து கொடுத்தவர் அவர்தானாம். இன்னமும் அது அவருடைய போனிலும் திறந்தபடியே இருக்கிறதாம். மகனின் கணக்குக்குள்ளே போய் எழுதினால் மகனுக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துவிட்டார். ஒருவருடைய வீட்டுக்குள் போய்க் கதைப்பதை வெளியில் யார் கேட்கப்போகிறார்கள் என்ற கணக்கு. தேர்வாளர்கள் அடுத்த கிழமை வருகிறார்கள் என்பதை நான் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.

“என்ட பெயரச் சொல்லுங்க மிஸ். கேட்டப் பூட்டட்டும். வெளியில பஸ் ஹோல்ட்ல நிண்டாலும் எனக்குக் காத்துத் தெரியும்.”

முகாமையாளரின் அறை

செவ்வாய்க்கிழமை காலை. முகாமையாளர், பயிற்றுவிப்பாளர், ஜெரோம், நான். எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். சேவியர் சொல்லச் சொன்னதையும் சொன்னேன். முகாமையாளர் கெட்ட மனிதர் அல்ல. விசிறியை நிறுத்திவிட்டு ஜெரோம் பக்கம் திரும்பினார். சிங்களத்தில் மல்லி என்றால் தம்பி; அவனை அப்படித்தான் கூப்பிடுவார்.

“மல்லி, மிஸ் சொல்றது எனக்குக் காணாது. உன் வாயால வேணும். அப்பா எழுதினாரா? அப்ப அவருக்கு கேட் மூடும், நீ அடுத்த கிழமை தேர்வாளருக்கு முன்னால ஆடு. நீ எழுதினியா? அப்ப நீ இரண்டாம் அணி. தேர்வாளர் அங்க வரமாட்டாங்க. அப்பா வரலாம், அவருக்குத் தடை இல்ல.”

இரண்டாம் அணி ஆடும்போது மைதானத்தில் ஆட்களே இருப்பதில்லை. தகரக் கூரைக்குக் கீழே உட்கார ஆளில்லாத வாங்குகள். யாராவது ஒருவர் இருமினால் கோல் கம்பம் வரை கேட்கும்.

ஜெரோம் அந்தக் கொமென்டை இன்னொருமுறை வாசிக்கச் சொன்னான். வாசித்தேன். ‘கோல் காப்பாளர் தனியாக விடப்பட்டார்’ என்ற இடத்தில் அவன் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தான். இந்தப் பையன்தான் அப்பாவோடு போனில் கத்துகிறவன்; எழுதாதீங்க, என்னை வாழவிடுங்க என்று எத்தனையோ தடவை சொன்னவன். என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டான்.

“அன்ரி, நீங்க வீட்டுக்குப் போனப்ப அப்பா என்ன செஞ்சுகொண்டிருந்தவர்?”

“ஒண்டும் இல்லை” என்றேன். “சும்மா இருந்தவர்.”

பெற்றோர் எழுதியதைப் பிள்ளைகளின் பெயரில் வாங்கி வாங்கித் திருப்பி அனுப்பிய என் இத்தனை வருஷத் தொழிலில், அது தன்னுடையதுதான் என்று ஒரு பிள்ளையாவது வந்து நின்றதை நான் கண்டதில்லை.

தான்தான் எழுதியதாக ஜெரோம் சொன்னான்.