வெள்ளைப் பூ வந்துவிட்டது

ஜெர்மனிக்காரர்கள் ரொட்டியைக்கூட உறைய வைத்துத்தான் தின்கிறார்கள். சனிக்கிழமை முழு ரொட்டியாக வாங்கி, துண்டு போட்டு, ஐஸ்பெட்டிக்குள் அடுக்கிவிடுவார்கள். என்னோடு வேலை பார்க்கும் ஒருத்தி, போன கோடையில் சுட்ட கேக் என்று பெருமையாக ஒரு துண்டை நீட்டினாள். எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. எங்கள் அம்மா அருப்புக்கோட்டை மார்க்கெட்டில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, "இது ஐஸுல கெடந்தது" என்று வியாபாரியின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு நகர்கிறவள். அவள் வயிற்றில் பிறந்துவிட்டு இதையெல்லாம் எப்படித் தின்பது?

இந்த ஊர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் கருமுட்டைகளை உறைய வைக்கலாமா என்று கேட்டபோது எனக்கு முதலில் வந்தது சிரிப்புதான். எனக்கு இருபத்தாறு வயது. எம்.ரெட்டியபட்டியிலிருந்து நர்ஸ் வேலைக்கு வந்தவள், இங்கே முதியோர் இல்லத்தில் இருக்கிறேன். விடாத இருமல், மாடிப்படி ஏறினால் மூச்சிரைப்பு. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நானே காரணம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். படம் எடுத்துப் பார்த்தால் நெஞ்சுக்குள் கட்டி. நிணநீர்ப் புற்றுநோய். குணமாக்கிவிடலாம், ஆனால் ஏற்றப்போகும் மருந்து கடுமையானது, கருமுட்டைகளை அழித்துவிடக்கூடும் என்றார். அதற்குமுன் ஊசி போட்டு முட்டைகளை வளர்த்து எடுத்து வைத்துக்கொள்ளலாம், இரண்டு வாரம் போல ஆகும், இந்த வாரமே தொடங்கினால்தான் முடியும். "உங்களுக்குக் குழந்தைகள் வேண்டுமா?" என்று கேட்டார்.

நம்மூரில் யாராவது இப்படிக் கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா? கல்யாணமான மூன்றாம் மாதம் "விசேஷம் உண்டா?" என்பார்கள். வேண்டுமா, வேண்டாமா என்று எவரும் கேட்பதில்லை. "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்றேன். "கணவரிடமா?" "கல்யாணம் ஆகவில்லை. அப்பா அம்மாவிடம்." அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இது உங்கள் உடம்பு, உங்கள் சம்மதம் போதும்" என்று காது கேளாதவளுக்குச் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். மறுநாள் ஒரு சமூகப் பணியாளர் வந்து, வீட்டில் என்னை யாரும் மிரட்டுகிறார்களா என்று விசாரித்தார். அடக் கொடுமையே! எங்கள் அப்பா கோழியைக்கூட மிரட்டத் தெரியாதவர் என்பதை ஜெர்மன் மொழியில் எப்படிச் சொல்வது?

அம்மா போனில் அழுது ஓய்ந்த பிறகுதான் முட்டை விஷயத்தை எடுத்தேன்.

"மொதல்ல உசுரு பொழைச்சு வா தாயி. ஐஸுல கெடந்த மீனே சவசவன்னு போயிருது, புள்ளைய எப்படி வைப்பாக?"

"புள்ள இல்லம்மா, முட்டை."

"கல்யாணம் ஆகாத புள்ள வயித்துல ஊசி போட்டாகன்னு தெரிஞ்சா எவன் வந்து கட்டுவான்?"

அப்பா போனை வாங்கினார். "வெள்ளிக்கெழம சாமிகிட்டப் பூக் கேட்டுட்டு வாரோம். அதுவரைக்கும் எதுக்கும் சரின்னு சொல்லிராத தாயி."

பூக் கேட்காமல் எங்கள் வீட்டில் எதுவும் நடந்ததில்லை. சிவப்பு அரளியையும் வெள்ளை நந்தியாவட்டையையும் தனித்தனியாக வெற்றிலையில் மடித்து நூல் சுற்றி, திருச்சுழிப் பக்கம் காட்டுக்குள் இருக்கும் குலசாமியின் காலடியில் போடுவோம். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரிப்பார். வெள்ளை வந்தால் உத்தரவு. கிணற்றுக்குப் போர் போட்டதும், தெற்குக் காட்டில் பருத்தியை விட்டு மக்காச்சோளத்துக்கு மாறியதும், நான் விமானம் ஏறியதும் பூ கொடுத்த உத்தரவுதான். நர்ஸு படித்துவிட்டு இப்படியா என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். நெஞ்சுக்குள் கட்டியை வைத்துக்கொண்டு அந்நிய ஊரில் ஒற்றை அறையில் படுத்துப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள், எந்தச் சாமியைக் கைவிடலாம் என்று.

வியாழக்கிழமை காரியாபட்டியில் பங்காளி முறைப் பெரியப்பா ஒருவர் இறந்துவிட்டார். பதினாறாம் நாள் கருமாதி முடியும்வரை தீட்டு, கோயில் வாசலை மிதிக்கக் கூடாது. பூசாரியும் பங்காளிதான்.

"நான் இங்க ஊசியப் போட்டுக்கிறேம்மா. நாள் போகுது" என்றேன்.

"ஏன்டி, உனக்குந்தான் தீட்டு. கல்யாணம் ஆகிப் போயிருந்தாலாச்சும் வேற வீட்டுப் புள்ள. இப்ப நீ எங்க வீட்டுப் புள்ளதான. தீட்டுல போயி யாராச்சும் நல்ல காரியம் தொடங்குவாகளா?"

நான் விசாவுக்கு எத்தனை மாதம் நாயாய் அலைந்தேன்! தீட்டு விசா இல்லாமல் கடல் தாண்டி என் கட்டிலுக்கே வந்து உட்கார்ந்துகொண்டது. மருந்து ஏறுவதற்கு முன்னால் எடுத்தால்தான் உண்டு என்று படித்துப் படித்துச் சொன்னேன். "ம்ம்" என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. அம்மாவை மீறி ஊசி போட்டு, நாளைக்கு எனக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆனால் தீட்டில் விட்டுவிட்டாள் என்று ஊர்ப் பழி முழுக்க அவள் தலையில் அல்லவா இறங்கும்? நாளும் போனது.

அடுத்த வாரம் என்னால் மல்லாந்து படுக்க முடியவில்லை. டாக்டரம்மா படத்தைப் பார்த்துவிட்டு, மருந்தை இனி ஒருநாள்கூடத் தள்ளிப்போட முடியாது என்றார். முட்டை எடுக்க நேரமில்லை, சினைப்பையை உறங்க வைக்கும் ஊசி ஒன்றை மட்டும் போட்டுவிட்டு மருந்தைத் தொடங்கினார்கள். அது காப்பாற்றினாலும் காப்பாற்றலாம், இல்லாமலும் போகலாம். பிறகு பிள்ளை பிறக்குமா என்றால் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. நர்ஸ் என் தோளைத் தொட்டு "ஷாடே" என்றாள். வருத்தம்தான் என்று அர்த்தம். ட்ராமைத் தவறவிட்டாலும் இவர்கள் சொல்வது அதைத்தான்.

இரண்டாம் முறை மருந்து ஏறிக்கொண்டிருந்த காலையில் அம்மா வீடியோவில் வந்தாள். நெற்றி நிறையத் திருநீறு. இத்தனை நாளில் அப்படி ஒரு சிரிப்பை அவள் முகத்தில் நான் பார்க்கவில்லை.

"தாயி, வெள்ளப் பூ! சாமி உத்தரவு குடுத்துருச்சு. முட்டைய எடுத்து வச்சுக்க. எவன் என்ன சொன்னா நமக்கென்ன, அப்பாவே சொல்லிட்டாக."

அப்பா பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்தார். மருந்து ஏறத் தொடங்கியதை அவர்களிடம் சொல்லித்தான் இருந்தேன். அதோடு முட்டை எடுக்கும் வழியும் முடிந்தது என்பது மட்டும் அவர்களுக்குப் பிடிபடவே இல்லை. அம்மா போனைத் திருப்பினாள். கோயில் வேப்பமரத்துக் கிளையில் மஞ்சள் துணியில் ஒரு சின்னத் தொட்டில், உள்ளே பிள்ளைக்குப் பதில் ஒரு கூழாங்கல். "உன் பேரச் சொல்லிக் கட்டிருக்கேன். சந்தோசந்தான தாயி?"

"ஆமாம்மா" என்றேன்.

மருந்துப் பையை மாற்ற வந்த நர்ஸ் என் போனை எட்டிப் பார்த்தாள். "ஓ, ஊஞ்சல்படுக்கையா? உங்கள் வீட்டுத் தோட்டமா?" என்று ஜெர்மனில் கேட்டாள். "யா" என்றேன்.

நல்ல இடம் என்று சொல்லிவிட்டு அவள் குழாயைத் திறந்துவிட்டாள். அம்மா ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தொட்டிலை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தாள்.